பனிக்குள் பேசி முடித்த நல்ல இடம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மார்கழி, திங்கட்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் சிவராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் கலியாணசுந்தரம் எழுதுவது.

நாங்கள் மூவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகவே நலம். உங்கள் அக்காள் அம்சவேணிக்கு மூக்கு ஒழுகுவதும், எனக்கு இடது காது அடைத்துக்கொண்டிருப்பதும் தவிர வேறு குறை இல்லை. பெங்களூரில் நீங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "பனி" என்று ஆரம்பித்தாலே நீங்கள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்குவதற்குள் லைன் கட்டாகிவிடுகிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் கலைவாணியின் கல்யாணம் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பெரம்பூர் அப்பாதுரை அவர்களின் மகன் குமரகுருவை நீங்கள்தான் சொன்னீர்கள். நல்ல பையன், நல்ல வேலை, போட்டோவிலும் லட்சணமாக இருந்தான். அவர்கள் நாகரிகமான குடும்பம், வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்று பெண் பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்காது, மார்கழிக் குளிரில் ஒரு சனிக்கிழமை இரண்டு குடும்பமும் சென்னையைச் சுற்றிப் பார்த்தால் ஒருவரையொருவர் இயல்பாகத் தெரிந்துகொள்ளலாம் என்று பிரியப்படுகிறார்கள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். காலையில் சபாவில் கச்சேரி, மத்தியானம் சபா கேன்டீனில் சாப்பாடு, சாயங்காலம் ஒரு மாலில் இருக்கும் ஸ்னோ பார்க். இந்த மாதத்தில் வாசல் தெளிக்கப் போகும்போதே அம்சவேணி காதில் துண்டைச் சுற்றிக்கொள்கிறாள். அவளைக் கொண்டுபோய்ப் பனிக்கட்டியில் நிறுத்துவானேன் என்று தயங்கினேன். கலைவாணிதான், ஏனாத்தூர் நூலகத்திலிருந்து வேலை முடிந்து வந்த கையோடு, காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பதற்கு இது எவ்வளவோ மேல், போகலாம் என்றாள். சின்ன காஞ்சிபுரத்தில் சொல்லி வைத்து, மிளகும் சுக்கும் மணக்க ஒரு முழுக் கோயில் இட்லி வாங்கினோம். வெற்றிலை, பாக்கு, பூ எல்லாம் எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினோம்.

சபாவில் எனக்கு நேர்ந்ததை நீங்கள் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். உள்ளது இதுதான். கச்சேரி முடிந்ததும் கேன்டீன் வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. அதுவரை உட்கார்ந்திருந்தோம். பாடியவர் நன்றாகத்தான் பாடினார். எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மாள் அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். முந்தானை நாற்காலி முதுகைத் தாண்டி என் மடிப்பக்கம் தொங்கியது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் கை, மச்சான். அது என்னைக் கேட்டுக்கொண்டா போகும்? கரையும் உடலும் சேருமிடத்தில் கோர்வைப் பின்னல் எப்படி இருக்கிறது என்று இரண்டு விரலால் புரட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்ட எழுந்தார்கள். அந்த அம்மாளும் எழுந்தார். நானும் முந்தானையை விடாமலே எழுந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் மரியாதையாக, "கோர்வை நல்லா விழுந்திருக்குதுமா" என்றேன். அதற்குப் பிறகு தொண்டர் பட்டை அணிந்த இருவர் வந்து, என்னை வாசல் வரைக்கும் இல்லை, தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். இந்தக் கலவரத்தில் கேன்டீனும் போயிற்று, மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திப்பதும் போயிற்று. அவர்களிடம் கலைவாணி போனில், அப்பாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, சாயங்காலம் பார்க்கலாம் என்று நயமாகச் சொன்னாள். அது வரைக்கும் மெட்ரோ ரயிலில் போய்வரலாம் என்று ஏறினோம். அது எங்களை விமான நிலையத்தில் இறக்கியது. அங்கே பார்க்க எங்களுக்கு ஒன்றுமில்லாததால் அதே ரயிலில் திரும்பினோம்.

மாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நாங்கள் உள்ளே போய்விட்டோம், வந்துவிடுங்கள் என்று குமரகுருவிடமிருந்து செய்தி வந்திருந்தது. வாசலில் போன்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல நிற ஜாக்கெட், கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் கொடுத்தார்கள். என் வேட்டியைப் பூட்ஸுக்குள் திணித்தேன். அம்சவேணி புடவையை ஜாக்கெட்டுக்குள் சுருட்டியதில் ஒரு நூல் மூட்டை மாதிரி ஆகிவிட்டாள். உள்ளே ஒரே புகைமூட்டம். பாட்டு வேறு காதைக் கிழித்தது. நூறு பேர் இருந்திருப்பார்கள். நூறு பேருக்கும் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மூக்கை வைத்துச் சம்பந்தியை எப்படி அடையாளம் காண்பது? கலைவாணியும் கூட்டத்தில் கரைந்துவிட்டாள். அப்போது பொம்மைக் கரடி பக்கத்திலிருந்து பருத்த ஆள் ஒருவர் கையை ஆட்டி, வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் அருகில் போய், அப்பாதுரைதானே என்று கேட்டேன். ஆமாம், துரைதான் என்றார்.

இதற்கு மேல் நான் என்ன விசாரிக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

நம் இடத்தைப் பற்றி எல்லாம் சொல்லியிருப்பார்களே என்றார். நல்ல இடம் என்றுதான் வந்திருக்கிறோம் என்றேன். எத்தனை பேர் என்றார். மூன்று பேர், ஒரே பெண் என்றேன். சின்னக் குடும்பம், அதுதான் தனக்கு வேண்டும், போன தடவை வந்தவர்கள் சுவர் முழுக்க ஆணி அடித்து நாசம் செய்துவிட்டுப் போனார்கள் என்றார். பெண் கொடுக்க வந்தவர்கள் எதற்கு ஆணி அடித்தார்கள் என்று புரியவில்லை. ஏதோ மனக்கசப்பு போலிருக்கிறது என்று கிளறாமல் விட்டேன். பிறகு அவராகவே என் காதருகில் குனிந்து, "நம்மகிட்ட தண்ணிப் பிரச்சினையே கெடையாதுபா" என்றார். எந்தத் தகப்பன் வாயால் இது தானாக வரும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் எங்கே என்று கேட்டேன். அதோ சறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று காட்டினார். உயரம் கொஞ்சம் குறைச்சலாகப் பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடுங்கள் என்றார். பெரம்பூர்ப் பக்கத்துச் சம்பிரதாயம் என்று அதற்கும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு சொன்னார் பாருங்கள்:

"மொதல்ல பதினோரு மாசம் போட்டுக்கலாம். ரெண்டு பேருக்கும் சரிப்பட்டு வந்தா மேல நீட்டிக்கலாம். வேணாம்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டா போதும்."

அம்சவேணி என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து, இது என்னங்க அநியாயம் என்றாள். நாகரிகமான குடும்பம், இப்போது இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளை அடக்கினேன். அடக்கினேனே தவிர எனக்கும் நெஞ்சு கேட்கவில்லை. "எங்க பக்கம் அப்பிடி வழக்கம் இல்லீங்க. ஒரு தடவ வந்துட்டா காலம் பூரா இருக்கறதுதான்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, அப்படி இருந்தால் தன்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கவிழ்ந்துவிட்டேன். அங்கேயே வெற்றிலை பாக்கு, பூவோடு கோயில் இட்லியை இரண்டு கையாலும் கொடுத்தேன். இட்லி குளிரில் இறுகிச் செங்கல்லாக இருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு சாவியை என் கையில் வைத்தார். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுச் சாவியைக் கொடுக்கிற சம்பந்தி யாருக்கு வாய்ப்பார் என்று அம்சவேணி விசும்பினாள்.

வெளியே வந்து ஜாக்கெட்டைக் கழற்றிய இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. அவர் பெயர் துரைக்கண்ணு. மாலுக்குப் பின்தெருவில் அவருடைய மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு அவர் வந்திருந்த ஸ்னோ பார்க்குக்கே, அதில் குடிவர விரும்பிய ஆள் பேச வருவதாக இருந்தது. சறுக்கியவன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரன். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கலைவாணி உடைந்த மூக்குக் கண்ணாடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். பக்கத்தில் நொண்டிக்கொண்டு குமரகுரு. உள்ளே யாரென்று தெரியாமலே அவன்மேல் பனியை எறிந்திருக்கிறாள். அவன் வழுக்கி விழ, இவள் தூக்கிவிட, அங்கேயே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் பின்னால் அசல் அப்பாதுரை. அவர் பக்கத்தில் அவர் மனைவி சுகாசினி அம்மாள், அரக்கு நிறப் பட்டுப்புடவையில். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எங்கள ஐஸ்ல நிக்க வெச்சிட்டு, எங்க கண்ணெதிர்லயே வேற இடத்துல தாம்பூலம் குடுத்துக்கினு இருந்தீங்களே" என்றார் அப்பாதுரை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்த எனக்கு, பதினோரு மாதத்துக்குத்தான் என்பது மட்டும்தான் வந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், வாலாஜாபாத் தாண்டியபோது கலைவாணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அவரப் புடிச்சிருக்குதுபா. அத்தினி பேர் முன்னாடி விழுந்துட்டும் சிரிச்சாரு" என்றாள். அவள் இதுவரை யாரையும் பிடித்திருக்கிறது என்று சொன்னதில்லை. ஆகவே மச்சான், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறிப் பெரம்பூர் போங்கள். அப்பாதுரை அவர்களின் காலில் விழ வேண்டுமானாலும் விழுங்கள். நான் சொன்னதாகவே விழுங்கள். அவர்கள் விருப்பத்தை மதித்துத்தான் பனியில் நின்றோம் என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்களை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி, அவர்கள் ஐஸ்கிரீம் தின்பதைக் குறைத்துக்கொள்ளவும். உங்களுக்கு நீண்ட ஆயுளும் குன்றாத செல்வமும் உண்டாகட்டும்.

என்றும் உங்கள் நன்மையை நாடும்,
கலியாணசுந்தரம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் அப்பாதுரை அவர்களே போன் செய்துவிட்டார். குமரகுரு சனிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். பேச்சு வாக்கில், "பொண்ண ஐஸ்கட்டியிலதான் காட்டுவோம்னு நீங்கதானே ஒத்தக் கால்ல நின்னீங்க? எனக்கு வீசிங் இருக்குதுன்னு எவ்ளோ சொன்னேன், உங்க மச்சான் கேக்கலியே" என்றார். நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, நீங்கள் விரும்பியதாகத்தான் மச்சான் எங்களிடம் சொன்னார் என்றேன். நீங்கள் அவரிடம் சொன்னதையும் என்னிடம் சொன்னதையும் இரண்டு பேரும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். பிறகு நிறையப் பேசினோம். தையில் கல்யாணம் முடிவாகிவிட்டது. சுகாசினி அம்மாள் முந்தானை விஷயத்தையும் மன்னித்துவிட்டார். ஆகையால் நீங்கள் பெரம்பூருக்கும் போக வேண்டாம், வேறு எங்கும் போக வேண்டாம். வியாழக்கிழமை வீட்டிலேயே இருங்கள். நானும் சம்பந்தியும் சேர்ந்து உங்களைப் பார்க்க பெங்களூர் வருகிறோம்.