சேவைப் பிரிவில் கிடைத்த தமிழ்

தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவள் நான். அப்பேர்ப்பட்ட நான் ஒருநாள் தமிழில் ‘ஆமாங்க’ என்று சொல்ல வாய் வராமல், போனைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பட்டிப்பொலப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாகப் போட்டார்கள். வகுப்பில் ஆங்கிலம், தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் சிங்களம். தமிழ் பேச ஒரு ஈ காக்காய் இல்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போன் போட்டால்தான் உண்டு. அடைமழை பிடித்து, மூன்று வாரமாக அங்கே சிக்னலே கிடையாது. தூக்கத்தில்கூட வாய் மூடாதவள் என்று அம்மாவிடம் திட்டு வாங்கிய எனக்கா இந்தக் கதி!

ஒரு ஞாயிறு மத்தியானம், தாங்க முடியாமல் போன் கம்பனியின் சேவை எண்ணை அழைத்து, தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினேன். (சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்து தமிழ் அங்கேதான் கிடைத்தது.)

“வணக்கம், உங்களுக்கு ஏதும் உதவி வேணுங்களா?” என்றாள் ஒரு பெண். அடடா, அந்தக் குரல்! வாயைத் திறந்தேன். “ஒவ் மிஸ்” என்று வந்தது. சிங்களத்தில் அது ‘ஆமாம்’. திருத்தப் போனால் “சாரி, ஐ மீன்” என்று ஆங்கிலம் முந்திக்கொண்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் “ஒவ்”.

“மேடம், நீங்க தெரியாம தமிழை அழுத்திட்டீங்க. சிங்களப் பிரிவுக்கு மாத்திவிடுறேன்.”

“அய்யய்யோ, மாத்திராதீங்க!” என்று அலறினேன். அழுகையோடு தமிழும் பிய்த்துக்கொண்டு வந்தது.

(வேற்றுமொழி பேசும்போது மூளை தாய்மொழியைத்தான் கெட்டியாக அமுக்கி வைக்குமாம். அதனால் அது திரும்பி எழுந்து வரத்தான் அதிக நேரமாகுமாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றே தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாக அழுதிருப்பேன்.)

“அக்கா, அழுவுறீங்களா? என்ன பிரச்சினைங்க?”

“ஒன்னும் இல்லம்மா. சும்மா தமிழ்ல ஏதாச்சும் பேசுங்க.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “சேவைய பத்தி மட்டுந்தான் பேசலாங்க அக்கா. எல்லாம் ரெக்கோட் ஆகுது.”

“அப்ப அதையே பேசுங்க.”

பேசினாள், பாவம். ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், என்னை அழைப்பவர்கள் காதில் ஒலிக்கும் இசை என்று ஒவ்வொன்றாக விளக்கி, “போட்டு விடவாங்க?” என்றாள். வேண்டாம் என்றால் வைத்துவிடுவாளே! எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்றேன். சொல்லச் சொல்ல வாய் இனித்தது.

மறுநாள் பள்ளி அதிபர் ஏதோ கேட்க என்னை அழைத்திருக்கிறார். அவர் காதில் கெட்டிமேளம்! எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று பள்ளி முழுக்கச் செய்தி. வீட்டுக்கார அம்மா நல்ல காரியத்துக்குச் செய்யும் பாற்சோறு பொங்கி வைத்து, மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். மூன்று மொழியிலும் மறுத்துப் பார்த்தேன். வெட்கப்படுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ராசிபலனையும் கிரிக்கெட்டையும் பிறகு நிறுத்திவிட்டேன். மேளத்தை நிறுத்த மட்டும் மனம் வரவில்லை. அது அந்தப் பெண் போட்டுக் கொடுத்தது. இப்போது கந்தப்பளையில் இருக்கிறேன், சுற்றிலும் தமிழ்தான். தம்பி அழைக்கும்போதெல்லாம் “என்னக்கா, தாலி கட்டியாச்சா?” என்றுதான் ஆரம்பிப்பான்.

“இல்லடா, மேளம் மட்டும் அடிச்சிக்கிட்டே இருக்காங்க” என்பேன். முப்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. அவன் சிரித்து முடிக்கும்வரை நானும் சிரிப்பேன்.