தேம்ஸ் வாத்தியார் வைத்த பரீட்சை

தேம்ஸ் நதியைச் சேலத்தில் ஓடவிட்ட ஒரே மனிதர் எங்கள் தேம்ஸ் வாத்தியார்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுப்பவருக்கு மட்டுமே தெரியும்.

முப்பதுகளில் சூரமங்கலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ரயில்வே துரைமார் பிள்ளைகளும் நம்மூர்ப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் படித்தார்கள். புத்தகம் பாதி லண்டனிலிருந்து வரும், பாதி சென்னையிலிருந்து. நான் கணக்கு வாத்தியார். இரண்டும் இரண்டும் எந்த ஊரிலும் நாலுதான் என்பதால் எனக்குத் தொல்லை இல்லை. அவர் பூகோளம். தேம்ஸைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர்த் திருமணிமுத்தாற்றையும் சேர்த்து எழுதாதவனுக்குப் பாதி மார்க்குதான். பெரிய பரீட்சை முடிந்து லண்டனுக்குத் திருத்தப் போன விடைத்தாளிலும் ஒரு துரை மகன் அப்படியே எழுதிவைத்தான். அங்கே திருத்தியவர் என்ன ஆனாரோ.

சனிக்கிழமைகளில் வகுப்பையே மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு நடத்திக்கொண்டு போவார். பிள்ளைகள் ஊர்க்காரர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும். ஊர்க்காரர்கள் இவர்களுக்கு ஏர் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். துணைக்கு நானும் போவேன், வெயிலைத் திட்டிக்கொண்டே.

அங்கே ஒரு பொதுக்கிணறு. சேரிப் பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது ஊற்றமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேம்ஸ் அதைக் கவனித்தார். அடுத்த வாரம் கிணற்றடியிலேயே வகுப்பு. ஆழம் அளக்க வேண்டும், நீர் இறைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சேரிப் பிள்ளை ஜோடி.

ஊர் மணியக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, என்ன பண்றீங்க?”

“பரீட்சைங்க. லண்டன்ல இருந்து வந்தது. நடுவுல நிறுத்துனா கேள்வி கேப்பாங்க.”

கயிற்றைப் பிடித்திருந்த வெள்ளைக்காரப் பையனைப் பார்த்ததும் மணியக்காரர் குரலை இறக்கினார். எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் நீளமான பரீட்சை என்றார் தேம்ஸ். மழைக்காலம் போய்க் கோடை வந்தும் அது முடியவில்லை. இறைத்த தண்ணீரை என்ன செய்வதென்று லண்டன்காரர்கள் சொல்லாததால், அது சேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் ஒரு துரை, மகனின் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளி நிர்வாகியிடம் போனார். தேம்ஸ் இனி அந்த ஊர்ப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அன்றைக்குத்தான் அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன்.

“அந்தப் பிள்ளைகளைக் கிணத்துவரைக்கும் கூட்டிட்டுப் போனது நான். இனி அடி விழுந்தா அவங்க முதுகுலதானே விழும்?”

உத்தரவு எனக்கு இல்லையே. சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். பிள்ளைகள் குடங்களோடு வந்து, கிணற்றைத் தொடாமல் நின்றிருந்தார்கள். மணியக்காரர் வந்தார். வாத்தியார் வரவில்லையா என்று கேட்டார். இனி வரமாட்டார் என்றேன். அவர் குடங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெயில் ஏறுதில்ல. எறைச்சுக்கிட்டுப் போங்க சாமி” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஓட்டமும் நடையுமாக வந்து தேம்ஸிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. இப்போது அவர் இல்லை. யாரும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.