எர்த் வயர் விஷயமாக மச்சானுக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சானுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது. நான், உன் அக்கா, உன் மருமகளான என் மகள் மூவரும் சௌகரியம். சௌகரியம் என்றது உடம்பைப் பற்றி மட்டும். என் மானம் எப்படி இருக்கிறது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் நடந்ததை உன் அக்கா போனில் சொல்லியிருப்பாள். நம்பாதே. பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய அறிவியல் புத்தகத்தைப் பார்த்து, உன் மருமகள் ஜாம் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியைச் சொருகி, கம்பியின் கீழ் நுனியில் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளில் இரண்டு கீற்று தொங்கவிட்டிருந்தாள். பலூனைத் தலைமுடியில் தேய்த்துக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கீற்றுகள் விரிய வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷமா வயரிங் பண்றவன் நான், மச்சான். எர்த் இல்லாத ஒரு சாமானும் என் கையைத் தாண்டினதில்லை. எட்டு வயசுப் பிள்ளை கரண்ட்ல கை வைக்குது, நான் பார்த்துட்டுச் சும்மா இருக்கவா? செம்புக் கம்பியில பச்சை எர்த் வயரை முறுக்கி, வகுப்பு ஜன்னல் கம்பியில இழுத்துக் கட்டிட்டேன். அத்தனை பெத்தவங்களும் பார்க்க, என் தலையிலதான் பலூனைத் தேய்ச்சா. என் முடி மொத்தமும் நட்டுக்கிட்டு நின்னுச்சு, பாட்டிலுக்குள்ள கீத்து அசையவே இல்லை. டீச்சர் மார்க் போட நோட்டை எடுத்துட்டாங்க. பிள்ளைக்கு உதடு துடிக்குது. என்னை ஒரு பார்வை பார்த்தா. பச்சை வயரைக் கழட்டிட்டு, பலூனைத் திரும்பத் தேய்ச்சா. கீத்து ரெண்டும் படக்குனு விரிஞ்சுது. "எர்த் கொடுத்தா கரண்ட் இறங்கிடும். அதைக் காட்டத்தான் எங்கப்பா முதல்ல வயரைக் கட்டினாங்க"ன்னா. ஒரே கைதட்டல். முதல் பரிசும் அவளுக்குத்தான்.

ஆகவே, அது முழுக்க முழுக்க என் திட்டம். உன் அக்கா வேறு விதமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இது என் தொழில் சம்பந்தப்பட்ட மரியாதை. உறவில் நாலு பேரிடம் நீயே எடுத்துச் சொல்லிவிடு. இந்த மாதிரிப் புத்தகம் இனி இந்த வீட்டுக்கு வரக் கூடாது.

உனக்கும் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் மருமகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கம்பி வேறு எதிலும் படக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்குன்னு, முந்தின நாளே அவ மூணு தடவை படிச்சுக் காட்டினா. நான்தான் காதுல வாங்கலை. அடுத்த புத்தகத்தைச் சீக்கிரம் அனுப்பு, அவள் பெயருக்கே அனுப்பு. கடிதத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "டீச்சர்கிட்ட நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சுட்டேன்ப்பா. மாமாகிட்டயாவது நீங்க உண்மையைச் சொல்லிடுங்க."