நான் அரசாங்கமாக இருந்த மூன்று வெள்ளிக்கிழமைகள்

சமூகத்தைத் திருத்தப் புறப்படுபவன், அதற்கு முன்பு தான் படுக்கும் கட்டிலைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த உண்மையை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அஜ்மானில் ஒரு ஜூலை மாதம் கற்றுத்தந்தது.

அப்போது நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் டைம்கீப்பராக இருந்தேன். (சமூகம் காலையில் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறது என்று குறிப்பதும் சமூகப்பணிதானே.) தங்கியது அஜ்மானில், அறையில் ஆறு பேர். ஏசிக்கு நேர் எதிரே இருந்த கீழ்க் கட்டில், நான் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்றது. குளியலறையை ஒட்டிய மேல் கட்டிலில் பெரம்பலூர் முருகேசன் வெந்துகொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அறை நண்பர்களோ பங்கு போட்டு விமான நிலையக் குலுக்கல் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். குலுக்கல் நாள் நெருங்கினால் ஊருக்குப் போன் செய்து நிலம் விசாரிப்பார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவர்களைக் காப்பாற்றுவது என் கடமை என்று முடிவு செய்தேன். (யாரும் கேட்கவில்லை.)

ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வகுப்பெடுத்தேன். அரசுகள் அனுமதிக்கும் லாட்டரியில் பல வகை உண்டு என்றேன். குலுக்கலில், விற்ற சீட்டுகளுள் ஒன்றை எடுப்பதால் யாரோ ஒருவருக்கு விழுந்தே தீரும். சுரண்டல் சீட்டில், முடிவு அச்சிடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நாம் சுரண்டுவது வெறும் சம்பிரதாயம். எண்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில் ஒருவருக்குமே விழாமல் போகலாம். அப்போது பரிசு அடுத்த வாரத்தோடு சேர்ந்து பெருகும், ஆசையும் பெருகும். இந்த மூன்றாவதே மிகக் கொடியது, அதை நடத்தியே காட்டுகிறேன் என்று அறிவித்தேன்.

"கவர்மெண்ட் யாரு?" என்று முருகேசன் கேட்டார்.

"நான்தான்."

ஒன்று முதல் பத்து வரை எழுதிய அட்டைகளைப் பால்பவுடர் டப்பாவில் போட்டேன். நான் எடுக்கும் மூன்று எண்களையும் சரியாக எழுதியவருக்குப் பரிசு. நூற்றிருபது விதமாக அமையக்கூடும் என்பதால், துணிந்து என் கட்டிலையே பரிசாக வைத்தேன். சீட்டுக்கு விலை இல்லை, வரம்பும் இல்லை. காசு வாங்கினால் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் விரோதம் அல்லவா? சாட்சியாக இருக்கும்படி, கீழே மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை காஜா பாயை அழைத்தேன். அவர் கல்லாவை விட்டு நகரவில்லை.

"காசு இல்லாட்டி என்ன தம்பி, கட்டில் இருக்குல்ல? எனக்கு இது ஆகாது."

முதல் வாரம் ஆளுக்கொரு சீட்டு, யாருக்கும் விழவில்லை. பாடம் முழுமை பெற வேண்டும் என்று, ஆறு மாதத்துக்கு வென்றவருடைய பாத்திரத்தையும் நானே கழுவுவதாகப் பரிசை உயர்த்தினேன். இரண்டாம் வாரமும் விழவில்லை. வெள்ளிக்கிழமைச் சமையலும் சேர்ந்தது. அதன்பின் அறை நிலைகொள்ளவில்லை. டூட்டி முடிந்து வருபவர்கள் என் மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள். தலையணையும் பரிசில் சேருமா என்று ஒருவர் விசாரித்தார். (சேராது என்று அரசாணை பிறப்பித்தேன்.)

மூன்றாம் வெள்ளிக்கிழமை, முருகேசன் ஒரு குபூஸ் ரொட்டிப் பை நிறையச் சீட்டுகளோடு வந்தார். எங்கள் அறையின் ஐவரும் பக்கத்து அறைக்காரர்களும் சேர்ந்து, நூற்றிருபது விதத்தையும் பிரித்து எழுதி முடித்திருந்தார்கள்.

இது விதிமீறல் என்றேன். குரல் அரசாங்கத்தினுடையதாக இல்லை.

"எந்த விதி சார்? காசு குடுத்து எடுக்குற சீட்டையே பத்துப் பேரு சேந்துதான் எடுக்குறோம். நீங்க ஓசில குடுக்குறீங்க. தனித்தனியாவா எழுதுவோம்?"

வளைகுடாவில் எவரும் தனியாகக் கனவு காண்பதில்லை என்பதை என் பட்டப்படிப்பு கவனிக்கத் தவறியிருந்தது. டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினேன். எந்த அட்டையை எடுத்தாலும் கட்டில் போவது உறுதி என்று தெரிந்தும் நெடுநேரம் துழாவினேன். நான்கு, ஏழு, ஒன்பது.

"கலாஸ், முடிஞ்சிச்சு" என்ற முருகேசன், என் தலையணையை எடுத்து மரியாதையாக என் கையில் கொடுத்தார்.

வென்றது கூட்டு, ஆகவே கட்டிலை முறை வைத்துக்கொண்டார்கள்; இரண்டு அறைப் பாத்திரமும் வெள்ளிக்கிழமைச் சமையலும் ஆறு மாதம் என் பொறுப்பு. ஒவ்வோர் இரவும் யார் இறங்கி வருகிறாரோ, அவர் விட்ட இடத்துக்கு நான் ஏறினேன். பக்கத்து அறைக்காரரின் முறையன்று, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். என் விழிப்புணர்வு வகுப்பின் பயனாக, விமான நிலையச் சீட்டுக்கும் பங்குதாரர்கள் பெருகினார்கள். அதில் பரிசு வரவே இல்லை. அவர்கள் வென்ற ஒரே லாட்டரி, நான் நடத்தியதுதான்.

முருகேசன் இன்றும் போன் செய்தால் "கவர்மெண்ட் சௌக்கியமா?" என்றுதான் தொடங்குவார். அவரிடமிருந்து கதை என் மனைவிக்கும் போய்விட்டது. ரயிலில் எனக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கும்போதெல்லாம், எதிர்ப் படுக்கைக்காரர் காதில் விழும்படி அவள் சொல்வாள்:

"இதையாவது யாருக்கும் பரிசாக் குடுத்துடாதீங்க."