தலைவர் படம் போட்ட மாத்திரை வண்டி

தூத்துக்குடி உலகத்துக்கு முத்தைத் தந்தது, உப்பைத் தந்தது; இப்போது எங்கள் ‘சிகிச்சை மேம்பாட்டுக் கமிட்டி’யையும் தந்திருக்கிறது. அடியேன் அதன் செயலாளர்.

துறைமுகச் சாலையில் லாரிக்காரர்களை நம்பிப் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் சிலர், ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருவதையே நிறுத்திவிட்டார்கள். மாத்திரை நின்றால் கிருமி தலைதூக்கும். ஆகவே கமிட்டி ஏ.சி. அறையில் கூடி, மக்ரூன் டப்பாவைக் காலி செய்து, வரலாற்றுத் தீர்மானம் ஒன்றைப் போட்டது: மாத்திரை வீடு தேடிப் போகும்!

அந்தப் பெண்களில் ஒருத்தியான டெல்பினை ‘பயனாளிப் பிரதிநிதி’ என்று அழைத்து ஓரமாக உட்கார வைத்திருந்தோம். அவள் எழுந்தாள்.

“வண்டி வரட்டும் சார். போர்டு மட்டும் வேண்டாம். வீட்டுக்காரக்கா தங்கத்தாய்க்குத் தெரிஞ்சா, அன்னைக்கே என் சட்டிபானையத் தெருவுல வச்சிருவாவ.”

“போர்டு இல்லாம எப்படிம்மா? நாம சேவை செய்யது ஊருக்குத் தெரியாண்டாமா?” என்றார் தலைவர் சிவசுப்பிரமணியன். எவ்வளவு நியாயமான கேள்வி!

வண்டி கிளம்பியது. சுற்றிலும் பிளக்ஸ். மேலே, ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்வோம்! மாத்திரையால் வெல்வோம்!’ கீழே ஆளுயரத்தில் கைகூப்பிச் சிரிக்கும் தலைவர். முன்சீட்டில் அவரே நேரிலும் இருந்தார். ரகசியம் காப்பது எங்கள் உயிர்மூச்சு. அதனால் மைக்கில் நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கதவு எண்ணை மட்டும் சொன்னேன்.

“பன்னிரண்டாம் நம்பர் வீடு! மாத்திரை வந்திருக்கு, வெளியே வரவும்!”

தெருவே வெளியே வந்தது. தங்கத்தாயும் வந்தாள்.

“ஏளா டெல்பின், உன் வீட்டு நம்பரையில்லா சொல்லுதாவ?”

டெல்பின் சட்டென்று உள்ளே ஓடி, செம்பில் தண்ணீரோடு வந்து தலைவரிடம் நீட்டினாள்.

“அண்ணாச்சிக்கு மாத்திரை போடத் தண்ணி வேணுமாம்க்கா, அதான் கூப்பிடுதாவ.”

தங்கத்தாய் பிளக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படத்தைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“அடப் பாவமே! தைரியமா போட்டோ வேற போட்டிருக்கியளே! ஒழுங்கா முழுங்குங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது. வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?”

“எனக்கில்ல! எனக்கில்ல!”

“மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ” என்று யாரோ ஆறுதலாக நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அன்று மாலையே பிளக்ஸ் கிழிக்கப்பட்டது. மைக் வாடகைக் கடைக்குத் திரும்பியது. இப்போது வண்டியில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. பெண்கள் விடாமல் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டது என்று டாக்டர் பூரிக்கிறார். எங்கள் ‘ரகசியக் காப்பு மாதிரி’யைப் பார்க்க வெளி மாவட்டக் குழுக்கள் வந்து போகின்றன.

ஆண்டறிக்கைக்காகக் கமிட்டியைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லும்படி டெல்பினிடம் கேட்டேன்.

“எழுதிக்கிடுங்க சார். எங்க மானம் போவும்னு கெஞ்சினோம், போர்டை ஏத்துனீங்க. அண்ணாச்சி மானம் போச்சு, அன்னைக்கே எறக்கிட்டீங்க.”