‘ஏன்’ அண்ணன் கம்ப்யூட்டர் படித்தார்

கடவுள் எல்லோருக்கும் வெட்கத்தைப் பங்கு வைத்தபோது, எங்கள் ‘ஏன்’ அண்ணன் திகாம் பத்து டவுனில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவருடைய பங்கும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

எங்கள் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர் அவர். எண்பதுகளின் நடுவில், தோட்டத்தை விற்று வீடு கட்டப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. டிராக்டர் போனால் வேலையும் போய்விடும். சுங்கைப் பட்டாணியில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்துக்கொண்டிருந்த வகுப்பில், நாற்பது வயதில் அவரும் சேர்ந்தார். என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவார். வகுப்பிலும் என் பக்கத்து நாற்காலிதான்.

மாஸ்டர் யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர், கண்டிப்பானவர். “டிஸ்கை உள்ளே போடுங்கோ” என்பார்.

“ஏன் மாஸ்டர்?”

“கம்ப்யூட்டர் வாசிக்கிறதுக்கு.”

“அது ஏன் வாசிக்கணும்?”

வகுப்பே சிரிக்கும். நான் அவர் சட்டையை இழுப்பேன். வெட்கத்துக்கு எங்கள் பக்கம் ‘மலு’ என்ற மலாய்ச் சொல்தான். “மலுலாண்ணே, சும்மா இருங்க.”

“தெரியாதத கேட்டா என்னாடா மலு?” இதையும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொல்வார்.

ஒருமுறை, செய்முறைப் பயிற்சிக்காக மாஸ்டர் எங்களைப் பெண்டாங்கில் ஒரு நெல் ஆலைக்கு அழைத்துப் போனார். அண்ணன் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றினார். கம்ப்யூட்டரைக் கும்பிட்டார். குனிந்து அதன் மேல் காதை வைத்தார். “இஞ்சின் சத்தம் சரியில்லலா மாஸ்டர்” என்றார்.

மாஸ்டர் இன்னும் சுவிட்சே போடவில்லை.

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நான் நெல் மூட்டைகளை எண்ணுவதுபோல் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பரீட்சை முழுவதும் ஆங்கிலத்தில். தேறியவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டினார்கள். அண்ணன் பெயர் இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “ஏன் அண்ணே, ஏன் ஃபெயிலு?”

அண்ணன் என் மோட்டார் சைக்கிளைக்கூடப் பார்க்கவில்லை. தலை குனிந்தபடி பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வகுப்புப் பக்கமே வரவில்லை.

தேடிப் போனேன். டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் பேசினேன்.

“அண்ணே, வெளிய வாங்க.”

“எம்மவ கேட்டா தம்பி, அப்பா பாஸான்னு. ஒண்ணும் சொல்ல முடியல. மலுலா.”

அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டபோது, வகுப்பில் நான் பட்ட கூச்சமெல்லாம் ஒரு கூச்சமா என்றிருந்தது.

“மறுபடி எழுதலாம்ணே. இங்கிலீச நான் சொல்லித் தரேன்.”

“பாஸானா வேல கெடைக்குமா?”

“தெரியலண்ணே.”

அடியிலிருந்து ஒரு கை நீண்டது. பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. கண்ணுக்குக் கீழே மட்டும் கோடுகோடாக வெளுத்திருந்தது.

அடுத்த தடவை தட்டுத்தடுமாறித் தேறினார். ஜித்ராவில் ஒரு கடையில் ரிப்பேர் வேலையும் கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்ததும், கழுத்தில் டையோடு நேராக என் வீட்டுக்கு வந்து நின்றார்.

“தம்பி, கடையில எவனோ கட்டி விட்டான். கழட்டத் தெரியல. காலையிலேருந்து சோறே எறங்கலடா.”

முடிச்சை அவிழ்த்தேன். கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. அவர் வேலையைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, நான் தேங்காய் எண்ணெய் எடுத்து மெதுவாகத் தடவிவிட்டேன்.