கத்திரி அண்ணாச்சி குரூப்பில் வணக்கம் சொல்லக் கூடாது

'குட் மார்னிங்' சொன்னவனைக் குற்றவாளியாகப் பார்த்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் கத்திரி அண்ணாச்சிதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்க ஆசைப்பட்டவர்களுக்காக அவர் ஒரு செல்போன் குரூப் நடத்திவந்தார். அதில் பைதானைத் தவிர எதைப் போட்டாலும் கண் சிமிட்டுவதற்குள் அழிந்துபோகும். கூடவே ஒரு வரி வரும்: "தலைப்புக்கு வாங்க." அதனால்தான் கத்திரி. உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை. அதுவும் தலைப்புக்கு வெளியேதானே!

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனர், கேரளாவில் புரோட்டாக் கடை என்று சுற்றிவிட்டு, ராஜபாளையம் நூல் மில் ஒன்றில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். பஞ்சுப் பொதி காலில் விழுந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். ஒரே அறையில் தங்கியிருந்த மாரியப்பன்தான் வேளாவேளைக்குச் சோறு வாங்கிவந்து போட்டான்.

"சும்மா கெடக்கதுக்கு எதையாச்சும் படியேம்ல. வேலைக்கு ஆகும்" என்று குரூப் லிங்க்கையும் அவன்தான் எங்கிருந்தோ பிடித்துவந்தான்.

சேர்ந்ததும் "அனைவருக்கும் வணக்கம்" போட்டேன். காணோம்.

"வணக்கத்துல என்ன எரர் வருது தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எரர் இல்லண்ணாச்சி, மரியாதைக்கு..."

அதுவும் காணோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் ஒன்று வைத்திருந்தார். தன்னுடைய ரத்த வகையைத் திரையில் பிரிண்ட் செய்யும் ஒரு வரி புரோகிராம். நான் 'பி பாசிட்டிவ்' என்று செய்து போட்டேன். "ரன் ஆகுது" என்றார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரே வடம் பிடித்து நிற்கிறது. ஒருவர் தேர்ப் படத்தைப் போட்டார். தேரடிப் பக்கத்திலிருந்த தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணெதிரே போன தேரையே அழித்துவிட்டார் அண்ணாச்சி. படம் போட்டவரும் விடவில்லை. "இந்தப் படத்தை பைதானில் சின்னதாக்குவது எப்படி?" என்ற கேள்வியோடு மறுபடி போட்டார். தேர் அசையாமல் நின்றது! பதிலும் வந்தது.

அன்று பிறந்தது எங்கள் குரூப்பின் சம்பிரதாயம். எந்தச் செய்திக்கும் பைதான் வேஷம் கட்டினால் போதும். கான்சாபுரத்து விவசாயி ஒருவர் மகன் பிறந்ததை இப்படி அறிவித்தார்: "புதுசா ஒரு வேரியபிள் வந்திருக்கு. என்ன பேர் வைக்கலாம்?"

அண்ணாச்சி வேரியபிளுக்குப் பேர் வைக்கும் பைதான் விதியையே எழுதினார்: "நம்பர்ல ஆரம்பிக்கக் கூடாது. நடுவுல இடம் விடக் கூடாது."

தனக்கும் அவர் சலுகை தந்ததில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போகவேண்டிய குரல் பதிவு தவறி குரூப்பில் விழுந்தது. "ஏட்டி, கருவேப்பில வாங்கணுமா, வேண்டாமா?" உடனே தன்னைத்தானே குரூப்பை விட்டு ஒருநாள் நீக்கிக்கொண்டார். தலைவர் இல்லாத அந்த ஒருநாளும் யாருக்கும் குட் மார்னிங் சொல்லத் தைரியம் வரவில்லை.

நேரில் பார்த்தாலும் அதே கதைதான். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கூடினோம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நாலு பேனா. "டீ நல்லாருக்குல்ல அண்ணாச்சி?" என்றேன்.

"டீயப் பத்திப் பேச இந்தக் கூட்டம் எதுக்கு? டம்ளரக் கீழ வச்சுட்டு டவுட்டக் கேளு."

பிறகு ஒரு பகலில், மில் வாசலில் மாரியப்பன் மேல் வேன் மோதியது. ரத்தம் நிறையப் போய்விட்டது. ஓ நெகட்டிவ் உடனே ஏற்ற வேண்டும், கையிருப்பு இல்லை என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி பெயரோடு குரூப்பில் போட்டேன். அழிந்தது. "தலைப்புக்கு வாங்க."

வராந்தாவில் நின்று நான் திட்டிய வார்த்தைகளைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. வேறு வழியில்லை. பைதானிலேயே, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப் எழுதினேன்: ஓ நெகட்டிவ் கிடைக்காத வரை தேடிக்கொண்டே இரு. பதில் வந்தது: "இந்த லூப் நிக்கவே நிக்காது. இத ஆன்லைன்ல சரி பண்ண ஏலாது."

போனைச் சுவரில் அடிக்க ஓங்கினேன். வேறு போன் வாங்க வழியில்லாததால் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டோடு ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். சட்டைப் பையில் நாலு பேனா.

"ஏலே, ரத்தம் எங்க குடுக்கணும்?"

"அண்ணாச்சி! நீங்கதான அழிச்சீக?"

"படிச்சுட்டுத்தாம்ல அழிச்சேன். அழிச்ச கையோட வண்டிய எடுத்துட்டேன். நடுவுல நீ தப்பா ஒரு லூப் போட்டுத் தொலச்ச. மடவார்வளாகத்துல ஓரங்கட்டிப் பதில் போட வேண்டியதாப் போச்சு."

"வேற யாருக்காச்சும் அந்த ரத்தம் இருந்தா, நீங்க அழிச்சதுல பாக்காமப் போயிருப்பாகளே?"

"குரூப்புல ஓ நெகட்டிவ் நானும் சோழபுரத்து வாத்தியாரும்தான். அவருக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்காரு. பொறவு எதுக்கு எல்லாருக்கும் மொதப் பாடம் வச்சேன்னு நெனச்ச?"

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் மாரியப்பன் கண் திறந்து, "சாப்பிட்டியால?" என்று என்னைக் கேட்டான். அந்த நிமிடமே குரூப்பில் "நன்றி அண்ணாச்சி" என்று போட்டேன். அழிந்தது. "தலைப்புக்கு வாங்க."

சிரித்துக்கொண்டே, அதே இரண்டு சொற்களைப் பிரிண்ட் செய்யும் ஒரு வரி புரோகிராமாக எழுதிப் போட்டேன். பதில் வந்தது:

"ரன் ஆகுது."

அதற்கப்புறம் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். போனும் மாறிவிட்டது. அந்த வரியை மட்டும் அவர் இன்னும் அழிக்கவில்லை. அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.